மைக் ஆஷ்லி நியூகாசிலைக் காப்பாற்றினாரா, கறந்தாரா?

கோட்டையூர்க்காரன்:
கிளப்பை விற்றுவிட்டு ஆஷ்லி போய் இத்தனை வருஷம் ஆகியும், இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான நியூகாசிலின் ரசிகர்கள் அந்தப் பழைய முதலாளியைக் கரித்துக்கொட்டுவது நியாயமே இல்லை. 2007-இல் சுமார் 13.4 கோடி பவுண்ட் கொடுத்து வாங்கினார். உள்ளே போனால் தலைக்கு மேல் கடன். சொந்தக் காசு 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார், வட்டியே இல்லாமல். வட்டியில்லாக் கடனின் அருமையை நம்ம செட்டிநாட்டு ஆட்களுக்கு விளக்கவா வேண்டும்? இன்னொரு இங்கிலாந்து கிளப்பான போர்ட்ஸ்மவுத்தைப் பாருங்கள். 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 2010-இல் திவால்.

தேவகோட்டைத் தம்பி:
கடனை அடைத்தது சரி அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் கிளப்பின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற விளையாட்டுச் சாமான் கடையின் பலகைதானே தெரிந்தது? 52,000 பேர் உட்காரும் மைதானம், உலகம் முழுக்க ஒளிபரப்பு. பல வருஷம் அந்த விளம்பரத்துக்குக் கிளப்புக்குக் காசே வரவில்லை. 2011-இல் மைதானத்தின் பெயரையே கடைப் பெயராக மாற்றினார். மிச்சம் பிடித்த வட்டியை இந்த வழியில் எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

கானாடுகாத்தான்:
தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எங்கள் ஐயா பர்மாக் கடையின் பழைய ஐந்தொகையை (வருஷக் கணக்கை) எடுத்துக் காட்டுவார். முதலாளி வீட்டுக்குப் போன சாமானுக்கும் அதில் பற்று எழுதியிருக்கும். கடை அவருடையதுதான், ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். ஆஷ்லி கணக்கில் அந்த வரி எங்கே?

கோட்டையூர்க்காரன்:
விளம்பர விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயம். அதற்காக மொத்த நிர்வாகமும் மோசம் என்று ஆகிவிடாது. 2009-லும் 2016-லும் கிளப் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது, இரண்டு முறையும் அடுத்த வருஷமே இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பிடித்து மேலே வந்தது. காசு இல்லாத கிளப்பால் அது முடியுமா?

தேவகோட்டைத் தம்பி:
அண்ணே, இறங்கியதே பண நஷ்டம்தானே! பிரீமியர் லீக் டிவி பணம் போய்விடுகிறது. 2005-இல் மைக்கேல் ஓவன் என்ற ஆட்டக்காரரை வாங்கிய விலைதான் கிளப்பின் உச்சம். அதைத் தாண்ட 2019 ஜனவரியில் அல்மிரோன் என்ற ஆட்டக்காரர் வர வேண்டியிருந்தது. நடுவில், 2011-இல், ஆண்டி கேரல் 3.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்குப் போனார். மற்ற கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் கொட்டிய காலம் அது. இங்கே கை இறுக்கம். முதலைக் காப்பாற்றினார், பெருக்கவில்லை.

கோட்டையூர்க்காரன்:
பெருக்கவில்லையா? 2021 அக்டோபரில் 30.5 கோடி பவுண்டுக்கு விற்றாரே!

கானாடுகாத்தான்:
அதில் டிவி உரிமை விலை ஏறியதன் பங்கைக் கழியுங்கள். அப்புறம், சவுதி முதலீட்டு நிதி வாங்கியது நியூகாசில் என்ற பெயரையும் அந்த 52,000 பேரையும்தான். அவர்கள் ஆஷ்லிக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். அவர் சேர்த்தது எது என்று தனியாக எழுதிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.