24 பாட்டா, 1,702 பாட்டா? அரைகுறைக் கதையை நிறுத்துங்க

கேசட்கடை:
நம் பழைய பாட்டுக் குழுவில் நேற்று ஒருவர் போட்டதை அப்படியே தருகிறேன்: “அமெரிக்காவுல ஒரு அம்மா 24 பாட்டு ஷேர் பண்ணதுக்கு 19 லட்சம் டாலர் கட்டினாங்க. பாட்டுக் கம்பெனிக்காரனுங்க கொள்ளைக்காரனுங்க. அவனுங்க பாட்டைப் பகிர்றதுல ஒரு பாவமும் இல்ல.” கீழே வரிசையாகக் கை தட்டியிருக்கிறார்கள்.

எரிச்சலாக வருகிறது. மின்னசோட்டா வழக்கு அது. கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் அந்த அம்மாவின் கணக்கில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து கிடந்தவை 1,702 பாட்டு. அதிலிருந்து 24ஐப் பொறுக்கித்தான் கம்பெனிகள் வழக்குப் போட்டன. சில ஆயிரம் டாலரில் முடித்துக்கொள்ளலாம் என்று முதலில் கேட்டார்கள், அவர் மறுத்தார். 19 லட்சத்து 20 ஆயிரம் என்பது 2009ல் இரண்டாவது ஜூரி சொன்ன தொகை. அது நிற்கவே இல்லை. 2012ல் மேல்முறையீட்டில் நின்றது 2 லட்சத்து 22 ஆயிரம், 2007ல் முதல் ஜூரி சொன்ன அதே தொகை. இதையெல்லாம் விழுங்கிவிட்டு “24 பாட்டு, 24 பாட்டு” என்று ஒப்பாரி வைக்காதீர்கள்.

செல்வி_ஈசூன்:
அதைப் போட்டதே நான்தான் அண்ணே. பேர் சொல்லியே திட்டலாம், பரவாயில்ல.

வழக்கு எத்தனை பாட்டுக்கு? 24. ஜூரி பெருக்கினது எத்தனையால? 24ஆல. ஒரு பாட்டுக்கு 80,000 டாலர். அதே பாட்டு ஐடியூன்ஸ்ல அப்போ 99 காசு. 1,702ங்கிறது பயமுறுத்தறதுக்குக் கம்பெனி வக்கீல் காட்டின நம்பர். தீர்ப்புல இருக்கிற நம்பர் 24.

கேசட்கடை:
தீர்ப்புத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 2,22,000ஐ 1,702ஆல் வகுத்துப் பாருங்கள். பாட்டுக்கு 130 டாலர் சொச்சம். இப்போது 80,000 எங்கே போயிற்று? கணக்குத் தெரியாதவர்களிடம் போய் 24 என்று சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம். திறந்து வைத்தது 1,702.

செல்வி_ஈசூன்:
வகுக்கிறதுக்கு நீங்க யாரு, ஜூரியா? கோர்ட்டு 9,250ஐ 24ஆல பெருக்கி 2,22,000ன்னு சொல்லிச்சு. நீங்க வீட்ல உட்கார்ந்து 1,702ஆல வகுக்கிறீங்க. இருபத்தி நாலு அண்ணே. இருபத்தி நாலு.

தபலா_ரவி:
கேசட்கடை பேசறதைப் பாத்தா ஆச்சரியமா இருக்கு. நம்ம சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்ல காலிக் கேசட் வாங்கிட்டு வந்து லிஸ்ட் கொடுத்தா, ரெண்டு டெக் வச்சு ரெக்கார்டிங் பண்ணிக் கொடுத்த கடையில வேலை பாத்தவர்தானே நீங்க? அந்தக் காலத்துல எந்தக் கம்பெனிக்கு ராயல்டி கட்டினீங்க? தொண்ணூறுகள்ல தேக்கா பக்கம் போன எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. இப்ப வந்து நியாயம் பேசறாரு.

கேசட்கடை:
ரவி, நீங்கள் இதைத்தான் எடுப்பீர்கள் என்று தெரியும். எந்த விவாதத்திலும் ஆளைத்தான் பிடிப்பீர்கள், விஷயத்தைத் தொடமாட்டீர்கள்.

ஆமாம், அந்தக் கடையில்தான் இருந்தேன். கோடு போட்ட நோட்டுத்தாளில் படப் பெயரும் பாட்டின் முதல் வரியும் எழுதிக்கொண்டு வருவார்கள். 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் மறுநாள் வந்து சண்டை போடுவார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் பென்சிலால் தாளின் ஓரத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவேன். உள்ளே வைக்கிற அட்டையில் பாட்டு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று என் கையாலேயே எழுதித் தருவேன். பாடலாசிரியர் பெயர் இல்லாமல் ஒரு கேசட்டும் என் மேசையைத் தாண்டியதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு கேசட், அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் அனுப்புகிற கோப்பைத் திறந்தால் என்ன இருக்கிறது? ‘டிராக் 03’. எழுதியவனுக்குப் பெயர்கூட இல்லை. அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1,702 பாட்டைக் கேசட்டில் பதிய எனக்கு எத்தனை மாதம் பிடிக்கும்? கஸாவில் ஒரே இரவு போதும்.

தபலா_ரவி:
பேரை அழகா எழுதிட்டா எழுதினவர் வீட்டுல அடுப்பு எரிஞ்சிடுமா?

செல்வி_ஈசூன்:
ரவி அண்ணன் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லப் போறதில்ல. நான் இன்னொண்ணு கேக்கறேன். 2003 செப்டம்பர்ல ஒரே நாள்ல 261 பேர் மேல கேஸ் போட்டாங்க. அதுல நியூயார்க்ல அரசாங்க வீட்டுல இருந்த 12 வயசுப் பொண்ணு ஒண்ணு. அவ அம்மா 2,000 டாலர் கொடுத்து முடிச்சுக்கிட்டாங்க. 2005ல 83 வயசுப் பாட்டி மேல ஒரு கேஸ், அவங்க அதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. 2008 டிசம்பர்ல அந்த அமெரிக்கப் பாட்டுக் கம்பெனிகளோட சங்கமே இனிமே ஆளாளுக்குக் கேஸ் போடறதில்லன்னு நிறுத்திடுச்சு. இவ்வளவு நல்ல வழின்னா ஏன் நிறுத்தினாங்க? வந்த காசுல பாடினவங்களுக்கும் எழுதினவங்களுக்கும் எவ்வளவு போச்சு? சொல்லுங்க அண்ணே. 24 பாட்டுக்கு ஒரு குடும்பத்தை ஆறு வருஷம் கோர்ட்டுக்கு இழுத்தாங்க.

புக்கிட்பாத்தோக்_வாசகர்:
ஒரு சின்னத் தெளிவு வேண்டும். ‘பகிர்வது’ என்று இங்கே எதைச் சொல்கிறோம்? பட்டியலில் திறந்து வைத்தாலே பகிர்ந்ததாகுமா, இன்னொருவர் உண்மையில் எடுத்திருக்க வேண்டுமா? 2008ல் மின்னசோட்டா வழக்கின் நீதிபதி முதல் தீர்ப்பைத் தள்ளி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டதே இதனால்தான். திறந்து வைத்தாலே போதும் என்று ஜூரிக்குச் சொன்னது தவறு என்றார். இதை முடிவு செய்யாமல் 24, 1,702 இரண்டுமே பேச முடியாது.

கேசட்கடை:
பட்டியலில் இருந்தது 1,702. அதில் தெளிவு என்ன வேண்டிக்கிடக்கிறது?

செல்வி, ஊர் ஊராகப் போகாதீர்கள். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு “பகிர்றதுல பாவமே இல்ல” என்று எழுதினீர்களே, 2006ல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? ஐஆர்சி என்ற இணைய அரட்டை வழியாக எம்பி3 கோப்பு கொடுத்த இரண்டு இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 2005 ஜனவரியில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அபராதத்தோடு விடவில்லை, சிறை. உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு பாலிடெக்னிக் பையன் மாட்டிக்கொண்டால் நீங்கள் போய் ஜாமீன் எடுப்பீர்களா? அந்தக் குழுவில் என் அக்கா மகனும் இருக்கிறான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

செல்வி_ஈசூன்:
பயங்காட்டறீங்களே தவிர பதில் இல்ல. 2007ல இங்கேயே அனிமே டவுன்லோட் பண்ண பிள்ளைங்களுக்கு ஒரு கம்பெனி 3,000, 5,000 வெள்ளின்னு கேட்டுக் கடிதம் அனுப்பிச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு இணையச் சேவை நிறுவனம் பேர் தரமாட்டேன்னு நின்னுச்சு. ஆகஸ்ட்ல மாவட்ட நீதிமன்றமும் அந்தக் கம்பெனிக்கு எதிராத்தான் சொல்லிச்சு.

கேசட்கடை:
அது கார்ட்டூன். இங்கே பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். அதையும் பாதிதான் சொல்கிறீர்கள். 2008 ஜனவரியில் ஜப்பானிய ஸ்டூடியோக்களே நேராக வந்தபோது உயர்நீதிமன்றம் பெயர்களைக் கொடுக்கச் சொல்லிவிட்டது. பாதிக் கதை சொல்வது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது, 1,702ஐ 24 ஆக்கியது மாதிரி.

செல்வி_ஈசூன்:
கார்ட்டூன் இல்ல, அனிமே. 1,702ஐ 24 ஆக்கினது நான் இல்ல, உங்க கம்பெனி வக்கீலுங்க. அவங்க பொறுக்கின 24.

ராஜா_ரசிகன்_76:
அமெரிக்கா பக்கமே சுத்துறீங்க. 2017ல நம்ம ஆளுங்களுக்குள்ளேயே நடந்துச்சே! என் பாட்டை மேடையில பாடணும்னா அனுமதி வாங்குன்னு எஸ்பிபிக்கு ராஜா சார் நோட்டீஸ் அனுப்பினப்போ ஊரே அவரைத் திட்டிச்சு. இப்ப கேசட்கடை அண்ணன் சொல்றதுதானே அவரும் அன்னிக்குச் சொன்னது? படைச்சவனுக்கு உரிமை இருக்கு. அப்ப அவரைத் திட்டினவங்கள்ல ரவியும் ஒருத்தர். நான் மறக்கல.

தபலா_ரவி:
திட்டினேன், இப்பவும் திட்டுவேன். ஐம்பது வருஷம் பாடின குரலுக்கு நோட்டீஸா? அமெரிக்காவுல பாதிப் பயணத்துல இருந்த மனுஷன் அது. பாட்டு ரெண்டு பேராலயும்தான் நின்னுச்சு. தபலா வாசிச்சவன், வயலின் வாசிச்சவன், கோரஸ் பாடின பொண்ணுங்க, இவங்களுக்கு யாரு நோட்டீஸ் அனுப்ப இருக்கா? எங்க பேரு எந்த அட்டையிலயும் வந்ததில்ல, கேசட்கடை எழுதின அட்டையிலயும்தான்.

ராஜா_ரசிகன்_76:
2019ல சென்னையில ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னாங்க. அவங்க சமாதானம் ஆயிட்டாங்க, நீங்க இன்னும் ஆகல.

தபலா_ரவி:
அவங்க சமாதானம் அவங்களோடது. என் கோபம் என்னோடது.

கேசட்கடை:
மறுபடியும் திசை மாறுகிறது. ராஜா விஷயம் மேடையில் பாடுவது, இது கோப்புப் பகிர்வது. இரண்டும் வேறு. ஆனால் ரவி கேட்டதற்குச் சொல்கிறேன். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி 2012ல் இந்தியாவில் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே 2021 சட்டத்தில், பாட்டைப் பொதுவில் பயன்படுத்தினால் இசைக்கலைஞரின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறது, தபலா வாசித்தவருக்கும் சேர்த்து. உங்களுக்காக வந்த சட்டம், ரவி. அதை மதிக்கிறவன் நான். ‘டிராக் 03’ என்று அனுப்புகிறவர்களோடு கைகோத்து நிற்பவர் நீங்கள். யார் உங்கள் பக்கம் என்று யோசியுங்கள்.

1,702 கோப்பில் எத்தனை கலைஞர்கள் பெயர் இருந்திருக்கும்? அதைக் கேளுங்கள்.

செல்வி_ஈசூன்:
நான் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கு. கேஸ் போட்டு வாங்கின காசுல எழுதினவருக்கு எவ்வளவு போச்சு?

கேசட்கடை:
2010ல், இசைக்கலைஞர்கள் நலநிதிக்கு 25,000 டாலர் கொடுத்தால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று அந்தக் கம்பெனிகளே சொன்னார்கள். மின்னசோட்டா அம்மா அதையும் மறுத்தார். கலைஞருக்குப் போகவிருந்த காசைத் தடுத்தது யார்?

செல்வி_ஈசூன்:
அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி நீதிபதிகிட்ட அவரே கேக்கணும்னு நிபந்தனை வச்சதை ஏன் விட்டுட்டீங்க? 19 லட்சத்தை 54,000 டாலரா குறைச்ச தீர்ப்பு அது, கம்பெனிக்கு வலிச்சுது. அதை அழிக்கத்தான் அந்தத் தர்மம். பாதிக் கதைன்னு என்னைச் சொன்னீங்களே!

புக்கிட்பாத்தோக்_வாசகர்:
நம் சட்டப்படி பார்த்தால் இந்தச் சண்டையே வராது. சட்டத்தில் குறித்த இழப்பீட்டைக் கேட்டால் இங்கே ஒரு படைப்புக்கு அதிகபட்சம் 10,000 வெள்ளி, மொத்தத்தில் 2 லட்சம் வெள்ளி உச்சவரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் உண்மையான நட்டத்தை நிரூபிக்க வேண்டும். 24 பாட்டானாலும் அந்த உச்சத்தைத் தொட்டுவிடலாம், 1,702 ஆனாலும் அங்கேயே நின்றுவிடும். அமெரிக்காவில் அந்த மொத்த வரம்பு இல்லை. வேண்டுமென்றே மீறினால் பாட்டுக்கு 1,50,000 டாலர் வரை போகலாம். தொகை வீங்கியது அதனால்தான்.

கேசட்கடை:
வரம்பு இருக்கிறது என்பதற்காக 1,702 என்பது 24 ஆகிவிடாது.

செல்வி_ஈசூன்:
வாசகர் சொன்னது எனக்குத்தான் சாதகம். 24லயே உச்சம் தொடுதுன்னா, 24தான் கணக்கு.

ராஜா_ரசிகன்_76:
ரவிகிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க குழு தீபாவளி சமயத்துல சமூக மன்றத்துல ராஜா பாட்டா வாசிக்கிறீங்களே, பாட்டு உரிமைச் சங்கம் ‘காம்பஸ்’கிட்ட உரிமம் எடுத்தாச்சா?

தபலா_ரவி:
அது நிகழ்ச்சி நடத்தறவர் வேலை. வாசிக்கிறவன்கிட்ட ஏன் கேக்கறீங்க? கேசட்கடைகிட்டயே கேளுங்க, 2011ல அந்த மாதிரி ஒரு ராத்திரியை நடத்தினவர் அவர்தான். எங்க ஆறு பேருக்குப் பேசின காசுல பாதி இன்னும் வரல. கலைஞர் உரிமை, கலைஞர் பேருன்னு பக்கம் பக்கமா எழுதறாரு.

கேசட்கடை:
பொய். முழுசாகக் கொடுத்தாயிற்று. ஒலிபெருக்கி வாடகையை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி அதில் கழித்தது. கையெழுத்துப் போட்ட ரசீது என்னிடம் இருக்கிறது.

தபலா_ரவி:
போடுங்க இங்கே. தேதியோட போடுங்க.

கேசட்கடை:
போடுகிறேன். அதற்கு முன் செல்வி அந்தக் குழுவில் போட்டதைத் திருத்தட்டும். 1,702.

செல்வி_ஈசூன்:
திருத்தமாட்டேன். ரவி அண்ணன் ரசீதை முதல்ல போடுங்க.