டெக்சாஸ் ஆர்.என் (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) லைசென்ஸ் வெச்சு கலிஃபோர்னியால வேலை பாக்க முடியுமா?

டல்லாஸ்மல்லி:
வணக்கம் மக்களே. வீட்டுக்காரருக்கு சான் ஹோசேக்கு மாத்தல் ஆயிடுச்சு, ஆகஸ்ட்ல கிளம்பணும். நான் இங்க டல்லாஸ் பக்கம் மெட்-சர்ஜ்ல (பொது மருத்துவம், ஆபரேஷன் பேஷன்ட்ஸ் வார்டு) ஆர்.என், 4 வருஷம் ஆச்சு. பி.எஸ்சி நர்சிங் மதுரை பக்கம் முடிச்சேன், நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை என்க்ளெக்ஸ் இங்க வந்து எழுதினது. லைசென்ஸ்ல மல்டிஸ்டேட்னு போட்டிருக்கு, அப்ப அதை வெச்சே அங்க சேந்துடலாம்ல? இல்ல திரும்ப என்க்ளெக்ஸா? கூட வேலை பாக்குற ஒருத்தி, டல்லாஸ் அட்ரஸையே வெச்சுக்கோ யாரு கேக்கப் போறான்றா. நோட்டீஸ் குடுக்கவா வேணாமான்னே புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஃப்ரீமான்ட்அக்கா:
முதல்ல நோட்டீஸ் குடுக்காதம்மா. மல்டிஸ்டேட்ங்கறது காம்பாக்ட்ல, அதாவது ஒரு ஸ்டேட் லைசென்ஸை இன்னொண்ணு ஏத்துக்கற ஒப்பந்தத்துல, சேந்த ஸ்டேட்டுக்குள்ள மட்டும்தான் செல்லும், கலிஃபோர்னியா அதுல கிடையாது. என்க்ளெக்ஸ் திரும்ப எழுத வேணாம், இருக்கற லைசென்ஸைக் காட்டி கலிஃபோர்னியா நர்சிங் போர்டுல எண்டார்ஸ்மென்ட்னு அப்ளை பண்ணணும். டெக்சாஸ் லைசென்ஸ் வெரிஃபிகேஷன் நர்சிஸ்ங்கற (Nursys) சைட்ல 30 டாலர் கட்டினா தானா போயிடும், அது ஒரு விஷயமே இல்ல. கைரேகைக்கு லைவ் ஸ்கேன் கலிஃபோர்னியாக்குள்ளதான் எடுப்பாங்க, வீடு பாக்க வருவீங்கல்ல அப்பவே முடிச்சுடு, இல்லன்னா கார்டுல ரேகை வெச்சு அனுப்ப தனியா 49 டாலர்.

உசுரை எடுக்கறது படிப்பு பேப்பர்தான். டெக்சாஸ்ல ஓகே ஆயிடுச்சேன்னு இருந்துடாத, கலிஃபோர்னியா போர்டுல முதல்ல இருந்து பாப்பாங்க. மார்க் ஷீட்டோட இவங்க ஃபார்ம் ஒண்ணையும் காலேஜ் நிரப்பி நேரா போர்டுக்கு அனுப்பணும், நம்ம கை படக்கூடாது. என் காலேஜ் ஆஃபீஸ்ல கிளினிக்கல் ஹவர்ஸ் மொத்தத்தையும் கூட்டி கீழ ஒரே நம்பரா எழுதி சீல் குத்தி அனுப்பிட்டாங்க, இது போதாதுன்னு போர்டுல இருந்து லெட்டர் வந்துச்சு. அப்புறம் எங்கப்பா பஸ் ஏறிப் போய் ரெண்டு நாள் ஆஃபீஸ் வாசல் பெஞ்ச்லயே உக்காந்து, பழைய போஸ்டிங் (வார்டு பயிற்சி) ரெஜிஸ்டரை தூசி தட்டி எடுக்க வெச்சு, ஓபி (பிரசவம்) எவ்ளோ, பீடியாட்ரிக்ஸ் எவ்ளோ, சைக்கியாட்ரி எவ்ளோன்னு தனித்தனியா எழுத வெச்சார். எல்லாம் சேத்து எனக்கு 7 மாசம் ஓடிப்போச்சு.

இன்னொண்ணு, தியரியும் போஸ்டிங்கும் ஒரே சமயத்துல நடந்திருக்கணும்னு இவங்க பிடிவாதம். ஒரு வருஷம் பாடம், அடுத்த வருஷம் போஸ்டிங்னு பிரிஞ்சிருந்தா அந்த சப்ஜெக்டை இங்க ஒரு காலேஜ்ல திரும்ப படிச்சுட்டு வான்னு சொல்லிடறாங்க. உன் மார்க் ஷீட்டை இன்னைக்கே எடுத்து வெச்சு பாரு.

ராலேகாரன்:
என் மனைவி நர்ஸ், டெக்சாஸ்ல இருந்து நார்த் கரோலைனா வந்தோம், ரெண்டும் காம்பாக்ட் ஸ்டேட்ங்கறதால ஈசி. ஆனா அதுலயும் 2024 ஜனவரி 2-லருந்து ரூல் இருக்கு, குடி வந்து 60 நாளைக்குள்ள புது ஸ்டேட்ல அப்ளை பண்ணணும். டல்லாஸ் அட்ரஸ் ஐடியால்லாம் வேணாங்க. பேஷன்ட் எந்த ஸ்டேட்ல இருக்காரோ அந்த ஸ்டேட் லைசென்ஸ்தான் வேணும், டல்லாஸ் அட்ரஸ் காட்டினாலும் சான் ஹோசேல பெட் பக்கத்துல நிக்க அது உதவாது, மாட்டினா இருக்கற லைசென்ஸும் போகும். நீங்க குடி மாறினதை டெக்சாஸ் போர்டுக்கு சொன்னா மல்டிஸ்டேட் போய் சிங்கிள்ஸ்டேட் ஆயிடும், அவ்ளோதான். அதை விட்றாதீங்க, ரெனியூ பண்ணிட்டே இருங்க, டெக்சாஸ் பேஷன்ட்ஸுக்கு போன்ல பாக்குற இன்சூரன்ஸ் வேலை மாதிரி ஏதாவது கெடச்சா இடைப்பட்ட மாசத்துக்கு ஆகும்.

நைட்ஷிஃப்ட்நாகு:
சிட்டிசனா நீங்க? ஆமான்னா பாலோ ஆல்டோ வி.ஏ ஹாஸ்பிட்டல்ல (முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு ஹாஸ்பிட்டல்) ட்ரை பண்ணுங்க, ஃபெடரல்ங்கறதால எந்த ஸ்டேட் லைசென்ஸ் இருந்தாலும் போதும். கலிஃபோர்னியா லைசென்ஸுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் வெளிநாட்ல படிச்சவங்களுக்கு 750 டாலர், இங்க படிச்சவங்களுக்கு 350, ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு கேக்காதீங்க. கட்டறதுக்கு முன்னாடி போர்டு சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. ஆனா வந்து சேந்துட்டா சொர்க்கம், மெட்-சர்ஜ்ல ஒரு நர்ஸுக்கு 5 பேஷன்ட்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

டல்லாஸ்மல்லி:
5 பேரா!! நேத்து நைட் எனக்கு 7, அதுல ரெண்டு அட்மிஷன். சிட்டிசன் இல்லங்க, இப்பதான் க்ரீன் கார்டு வந்துச்சு. அக்கா சொன்னப்புறம் மார்க் ஷீட் பாத்தேன், ஓபி 3-ம் வருஷமும் 4-ம் வருஷமுமா பரவி கிடக்கு, எந்த வருஷம் எவ்ளோ போஸ்டிங்னு அதுல இல்லவே இல்ல. தம்பியை திங்கக்கிழமை காலேஜுக்கு அனுப்பறேன். அவர் ஆகஸ்ட்ல முன்னாடி போகட்டும், நான் டிசம்பர் வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன், முகம் தொங்கிப் போச்சு பாவம். அக்கா, ஃபார்மை தம்பி கையில பிரிண்ட் எடுத்து குடுத்து விடலாமா?

ஃப்ரீமான்ட்அக்கா:
வெத்து ஃபார்ம் யார் வேணா குடுக்கலாம்மா. நிரப்பினதை மட்டும் தம்பி வாங்கி அனுப்பக் கூடாது, காலேஜ் சீல் கவரோட ஒட்டின இடத்து மேலயே விழணும், அனுப்புநர்னு காலேஜ் அட்ரஸ் இருக்கணும். கூரியர் காசை தம்பியே கட்டிடட்டும், இல்லன்னா அது அவங்க டேபிள்லயே கிடக்கும்.