நரிவால் ஓர்க்கிட்டின் வேர் கறுக்கிறது, என்ன செய்யலாம்?

வவுணதீவுப் பக்கம், வாவியோரமாக எங்கள் வளவு. கார்த்திகை மழையில் பழைய மாமரம் சரிந்துவிட்டது. அதன் கொப்பில் வருடாவருடம் பூத்த நரிவால் ஓர்க்கிட்டை, மட்டக்களப்பு ஓர்க்கிட் என்கிறார்களே அதுதான், கழற்றி வேப்பமரத்தில் தேங்காய்த் தும்பு சுற்றிக் கட்டினேன்.

இப்போது ஐந்து கிழமை. ஈரம் பட்டால் பச்சையாக மாறும் வெள்ளை வேர்கள் கறுத்துவிட்டன. ஒன்றை விரலால் அழுத்தினால் தோல் உரிந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறது. அடியிலைகள் இரண்டு மஞ்சளாகி விழுந்தன. குருத்து இன்னும் உறுதியாக இருக்கிறது, அதுதான் ஒரே ஆறுதல். ஒற்றைக் குருத்துச் செடி, அது போனால் பக்கக் கன்று வந்தால்தான் உண்டு.

தும்பை எடுத்துவிட்டேன். அழுகிய நான்கு வேரை வெட்டிக் கறுவாத்தூள் தடவினேன். பங்கசுநாசினியும் ஒருமுறை அடித்தாயிற்று. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர், அதனால் மழைத்தண்ணீர்தான் தெளிக்கிறேன். அழுகல் நிற்கவில்லை. நல்ல வேர் இரண்டே மிச்சம்.

அடித்தண்டை வெட்டி, அந்த இரண்டு வேரோடு மேல்பகுதியைச் சிரட்டைக்கரியில் வைக்கலாமா, இல்லை மரத்திலேயே விடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.