நடிகர்கள் தம் புகழைக் கொண்டு அரசியல் கருத்துச் சொல்லலாமா?

கேள்வி (பென்னாகரம்):
எங்கள் தெருத் தேநீர்க்கடைச் சுவரொட்டியில் நடிகரின் படத்துக்குக் கீழே இப்போது அவருடைய அரசியல் அறிக்கையும் இருக்கிறது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் தம்பி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மறுத்துப் பேசினால் கோபித்துக்கொள்கிறான். திரையில் பெற்ற புகழை இப்படிப் பயன்படுத்துவது முறைதானா?

பதில் (பர்கூர்):
கருத்துரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்கள் எல்லாருக்கும் தந்திருக்கிறது. நடிகர் மட்டும் விலக்கல்லர். மக்களும் கண்ணை மூடிக்கொண்டு பின்செல்வதில்லை. 1991இல் ஜெயலலிதாவை வெற்றிபெறச் செய்த எங்கள் தொகுதியே 1996இல் அவரைத் தோற்கடித்தது.

பதில் (தருமபுரி):
2004இல் ரஜினிகாந்த் பா.ம.க.வை வெளிப்படையாக எதிர்த்தபோதும் தருமபுரியில் அக்கட்சியே வென்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் என் கவலை வேறு. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்து, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் அளவுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை இம்மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு நடிகர் விவரமறிந்து பேசினால் மனமார வரவேற்பேன். தேர்தல் நெருங்கும்போது மட்டும் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அந்த அறிக்கையில் நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தம்பியிடம் இன்றிரவு கேட்கிறேன்.