கும்பகோணத்தில் குதிரை, சாரட் தொழில்: ஆள் வர வைப்பது எப்படி?

அரசலாற்றங்கரை:

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் மூன்று குதிரையும் ஒரு சாரட் வண்டியும் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ஜட்கா ஓடியது, இப்போது மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, சீர்வரிசை ஊர்வலம், அவ்வப்போது கோயில் விழா. முகூர்த்த மாதங்களில் பரவாயில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் முகூர்த்தம் இருந்தாலும் மழையைப் பார்த்து ஊர்வலத்தை ரத்து செய்துவிடுகிறார்கள். ஆனால் கொள்ளு, தவிடு, புல், லாடம் என்று செலவு மட்டும் நிற்பதே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து வந்தேன் என்று சொன்னவர் யாருமில்லை. இன்ஸ்டாகிராமில் வெள்ளைக் குதிரை ரீல்ஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் கமெண்ட் எல்லாம் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா. பிள்ளைகளுக்குச் சவாரி வகுப்பு ஆரம்பிக்கலாமா என்றும் ஒரு யோசனை. பெரிய பணம் இல்லாமல் இதை எப்படி ஊருக்குள் கொண்டுபோவது? ரேட்டை வெளியில் போடலாமா, கூடாதா? கல்யாண வேலை பார்ப்பவர்களும் குதிரை வளர்ப்பவர்களும் சொல்லுங்கள்.

மாயவரம் வீடியோக்காரன்:

அண்ணே, நான் கல்யாண வீடியோ எடுப்பவன், அதனால் இது எப்படி முடிவாகிறது என்று பக்கத்திலிருந்தே பார்க்கிறேன். சாரட் வேண்டும் என்று வீட்டார் தேடிக் கிளம்புவது குறைவு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் மாமாவோ சித்தப்பாவோ "ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி கிடைக்குமா" என்று மேனேஜரிடம் கேட்பார், அவர் போனில் யார் நம்பர் இருக்கிறதோ அவருக்கு வேலை போகும். பேண்டு செட், செண்டை மேளம், டெக்கரேஷன்காரர் வழியாக வருவதும் இப்படித்தான். அதனால் பிளெக்ஸுக்குப் போடுகிற காசை பெட்ரோலுக்குப் போட்டு பாபநாசம், திருவிடைமருதூர், ஆடுதுறை வரை மண்டபம் மண்டபமாகப் போய் ஆளைப் பாருங்கள். மேனேஜருக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா, ஊர்வலம் முடிந்ததும் வாசலில் கிடக்கிற குதிரைச் சாணம். பட்டுப்புடவையோடு அதைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தால் திட்டு எல்லாம் அவருக்குத்தான். உங்கள் ஆள் சாக்கும் துடைப்பமும் பக்கெட்டுமாகப் பின்னாலேயே வருவார், வாசலைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவோம் என்று சொல்லுங்கள், அதேபோல் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்தில் இதற்காகவே ஒரே வண்டிக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம், இதுவரை செய்யவில்லை என்றால் இன்றைக்கே செய்யுங்கள். பெயர் என்ற இடத்தில் உங்கள் நிஜப் பெயரை மட்டும் போடுங்கள். "பெஸ்ட் குதிரை சாரட் வாடகை கும்பகோணம்" என்று திணித்தால் முடக்கிவிட வாய்ப்புண்டு; அதையெல்லாம் சேவைகள் பகுதியில் எழுதலாம். ரிவ்யூ லிங்க்கை மறுநாளே அனுப்பிவிட வேண்டும், மறுவீடு விருந்து என்று கிளம்பிவிட்டால் அப்புறம் யாரும் எழுத மாட்டார்கள்.

ரீல்ஸைப் பொறுத்தவரை, குதிரை துள்ளுவதை எடுப்பதை விட, செண்டை மேளம் பக்கத்தில் முழங்கும்போது அது காதைக்கூட விறைக்காமல் நிற்பதை எடுங்கள். கூட்டத்தில் மிரண்டால் என்ன ஆவது என்பதுதான் எல்லா வீட்டிலும் இருக்கிற பயம். அந்தப் பயம் போனால்தான் போன் வரும்.

ஒரத்தநாட்டுக்காரர்:

தம்பி, வீடியோ போடுவதற்கு முன் குதிரையின் கடைவாயைப் பாருங்கள். இப்போது எல்லார் கையிலும் நல்ல கேமரா இருக்கிறது. கடைவாய் ஓரம் தோல் உரிந்து சிவந்திருந்தாலோ, சேணம் உராய்கிற இடத்தில் முடி கொட்டியிருந்தாலோ, எவ்வளவு பூ அலங்காரம் செய்தாலும் குளோசப்பில் அப்படியே தெரியும். நடனக் குதிரை வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, அதற்காக முள் வைத்த கடிவாளம் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம். வண்டி இழுக்கிற, சுமை தூக்குகிற விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகள் முள் கடிவாளத்தைத் தடை செய்திருக்கின்றன.

அதே விதிகளில் இன்னும் இருக்கிறது: ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வு விடாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. சித்திரை வைகாசியில் நம் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், சீர்வரிசை ஊர்வலத்தைச் சரியாக உச்சி வேளைக்கு வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். புக்கிங் சீட்டிலேயே இந்த நேரக் கட்டுப்பாட்டை அச்சடித்துவிடுங்கள். கூடவே குதிரைக்கு முன்னால் சரவெடி கூடாது, குடித்தவர் ஏறக் கூடாது என்பதையும் போடுங்கள். நாலு பேர் போய்விடுவார்கள்தான். போகட்டும். குதிரையை ஒழுங்காக வைத்திருக்கிற ஆள் என்ற பேர் ஒரு தடவை விழுந்துவிட்டால் கோயில் கமிட்டியும் பள்ளிக்கூடமும் தானாகக் கூப்பிடும்.

இங்கே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தூரம் பார்க்காமல் கொண்டுவந்து காட்டுங்கள். தனுர்வாத ஊசி போட்ட விவரத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும், வேலை இல்லாத அந்த மாதங்களில் கொட்டகைத் தரையைச் சரி செய்யுங்கள். வகுப்புக்கு வருகிற அம்மா அப்பா முதலில் பார்க்கப்போவது கொட்டகையைத்தான்.

தஞ்சை அம்மா:

ஆமாம், நான் அதைத்தான் பார்த்தேன். என் மகள் சவாரி கற்றுக்கொள்கிறாள். சேர்க்கும் முன் நான் கவனித்தது: பிள்ளையின் தலைக்குச் சரியாக உட்கார்கிற ஹெல்மெட் இருக்கிறதா, கயிறு பிடித்துக்கொண்டு ஆள் கூடவே நடக்கிறாரா, குதிரையிடம் அவர் எப்படிப் பேசுகிறார். அப்புறம் எங்களுக்கு உட்கார நிழலில் ஒரு பெஞ்சும் சுத்தமான கழிப்பறையும். பத்து நாளில் சவாரி என்றெல்லாம் போடாதீர்கள், பயமாக இருக்கும். தொடக்கத்தில் குதிரையைத் தேய்த்துவிடுவது, குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது, கொள்ளு ஊட்டுவது என்றே போகட்டும், பிள்ளைகளுக்கு அதுதான் கொள்ளை ஆசை.

நீங்கள் வேலை இல்லை என்று சொல்கிற மாதங்களைப் பாருங்கள். காலாண்டு விடுமுறை புரட்டாசியில் வருகிறது, அரையாண்டு விடுமுறை மார்கழியில். மே மாத லீவில் காலை 6 முதல் 8 வரை வைக்கலாம். இதை வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் போட்டால் போதும், பரவிவிடும். ரேட்டை வெளியில் போடுங்கள் தயவுசெய்து. விலை கேட்கவே கூச்சப்பட்டு போன் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சாரட்டுக்கும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், குதிரையைக் கொண்டுவருகிற வண்டி வாடகை உட்பட இவ்வளவு என்று எழுதிவிட்டால் வீட்டார் கணக்குப் போட வசதி.

சுவாமிமலை வாசி:

அப்பா ஜட்கா ஓட்டினார் என்று சொல்லிவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டீர்களே. தாராசுரம் உங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற கோயில், அதன் ராஜகம்பீரன் மண்டபமே குதிரை பூட்டிய தேராகச் செதுக்கியது. அதைப் பார்க்க வருகிறவர்களை மாலை வெயில் தாழ்ந்ததும் கும்பகோணத்திலிருந்து குதிரை வண்டியில் கூட்டிப்போனால் ஏறமாட்டேன் என்று யார் சொல்வார்? இந்தப் பக்கத்து விடுதிகளின் வரவேற்பறையில் ஒரு அட்டை வைக்கக் கேளுங்கள். தொல்லியல் துறை இடம், அதனால் வளாகத்துக்குள் வேண்டாம், வெளியே சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஆடிப்பெருக்கு. தையிலும் வைகாசியிலும் உங்கள் சாரட்டில் வந்த தம்பதிகள் புதுத் தாலிக்கயிறு மாற்றப் படித்துறைக்கு வருவார்கள். அவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ஆடி பிறந்ததும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

அரசலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஆடிப்பெருக்கு யோசனை என் மனசுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, பழைய புக்கிங் நோட்டை எடுத்து நம்பர் எழுத ஆரம்பித்துவிட்டேன். கடிவாளம் என்னிடம் வழவழப்பானதுதான், முள் கிடையாது, அதை நாளைக்கே குளோசப் எடுத்துப் போடுகிறேன். ஒரு சந்தேகம்: ஆடி 18 அன்று படித்துறைக் கூட்டத்துக்குள் வண்டியைக் கொண்டுபோக முடியுமா?

ஒரத்தநாட்டுக்காரர்:

வேண்டாம் தம்பி. இரண்டு தெரு தள்ளியே இறக்கிவிடுங்கள், குதிரைக்குத் தண்ணீரும் நிழலும் இருக்கிற இடத்தை முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள். திரும்பி வர இருட்டிவிடும், வண்டிக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிவிடுங்கள்.