தகவமைவுத் தேர்வில் கேள்வி வரிசை மாறினால் பதிலும் மாறுகிறது, உதவுங்கள்

மனச்சோர்வை அளக்கும் கணினித் தகவமைவுத் தேர்வு (முந்தைய பதில்களைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினியே தேர்ந்தெடுப்பது) ஒன்றை முதுகலை ஆய்வுக்காக ஆர் (R) நிரல்மொழியில் செய்கிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மொத்தம் 48 கேள்விகள், படிப்படியான பதில்களிலிருந்து ஒருவரின் மனச்சோர்வு அளவைக் கணிக்கும் சமேஜிமாவின் படிநிலை மாதிரி (graded response model), அந்தக் கணிப்பின் திட்டப்பிழை 0.3க்குக் கீழே வந்ததும் தேர்வு நின்றுவிடும். "செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா?" என்பது சிலருக்கு மூன்றாவதாகவே வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம், பசி எதைக் கேட்டாலும் "இல்லவே இல்லை"தான். ஒரு மாணவி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவுக் கேள்வியைக் கடைசியில் சந்தித்தவர்களிடம் இந்த இறுக்கம் இல்லை. ஒரே அளவுகோல் என்று எப்படிச் சொல்வது?

முதல் கேள்வியைக் குலுக்கி எடுத்தேன். ஆண் பெண் வேறுபாடு காட்டிய அழுகைக் கேள்வியை நீக்கினேன். பலனில்லை. ஒவ்வொரு கேள்வியின் தன்மையையும் எண்ணாகக் கணித்த முதல் அளவீடு (calibration) நடந்தது காகிதத்தில், எல்லோருக்கும் ஒரே வரிசையில்.

சாவுக் கேள்வியை எல்லோருக்கும் கடைசியில் வைத்தால் போதுமா, இல்லை வரிசையை மாற்றிமாற்றிக் கொடுத்து மொத்தத்தையும் மறுபடி அளவீடு செய்தே ஆகவேண்டுமா?