‘கிரிட்டிக்கல் சப்போர்ட்’: தமிழில் என்ன போடலாம்? (அவசரம்)

அன்பர்களே,

எத்தியோப்பியப் புரட்சி பற்றிய பாட அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1974 செப்டம்பரில் பேரரசர் ஹைலே செலாசியை இறக்கிவிட்டு டெர்க் என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. அப்போது களத்தில் இரண்டு மார்க்சியக் கட்சிகள். மெய்சோன் (அனைத்து எத்தியோப்பிய சோசலிச இயக்கம்) 1968இல் ஹாம்பர்கிலும், இ.பி.ஆர்.பி. (எத்தியோப்பிய மக்கள் புரட்சிக் கட்சி) 1972இல் பெர்லினிலும் மாணவர்கள் தொடங்கியவை. ‘உழுபவனுக்கே நிலம்’ என்பதில் இருவருக்கும் பேதமில்லை. 1975 மார்ச்சில் டெர்க்கே அதைச் சட்டமாக்கிவிட்டது. பட்டாளத்தை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. ஆட்சியை உடனே மக்கள் அரசிடம் ஒப்படை என்றது இ.பி.ஆர்.பி. மெய்சோனோ ‘கிரிட்டிக்கல் சப்போர்ட்’ என்றது, அதாவது குறைகளைச் சுட்டிக்காட்டியபடியே பட்டாளத்தை ஆதரிப்பது. ‘விமர்சன ஆதரவு’ என்று எழுதிவிட்டேன். விமர்சனத்துக்குத் தரும் ஆதரவு என்றல்லவா படிக்கிறது?

– செ.

---

நான்காம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் அப்படித்தான். தவிர, இரண்டுமே வடசொல். தவறு கண்டால் மன்னனை இடித்துரைக்கும் துணைவர்களை ‘இடிக்கும் துணையார்’ என்று குறள் 447இல் வள்ளுவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். வினைத்தொகையாக்குங்கள்: இடிதுணை. சுடுசோறு, ஊறுகாய் வரிசையில் அழகாக உட்காரும்.

– ந.

---

ஐயா, முதலாண்டு மாணவன் இடிதாங்கி என்று நினைத்துக்கொள்வான். பத்திரிகையில் நாள்தோறும் பார்க்கும் ‘வெளியிலிருந்து ஆதரவு’ போதாதா?

– வ.

---

போதாது தம்பி. மெய்சோன் வெளியே நிற்கவில்லை. மக்கள் அமைப்புகளுக்கென 1976இல் அரசு திறந்த தற்காலிக அலுவலகத்துக்கு அவர்கள் தலைவர் ஹைலே ஃபிதாதான் பொறுப்பு. கேபெலே என்ற நகர்ப்புறக் குடியிருப்போர் சங்கங்களிலும் அவர்கள் ஆட்கள் இருந்தார்கள். டெர்க்கிடம் துப்பாக்கி உண்டு, மார்க்சியம் படித்த ஊழியர்கள் இல்லை. இவர்களிடம் அது நேர்மாறு.

– செ.

---

அகப்பொருளில் தலைவனை அவன் தோழன் கடிந்துகொள்ளும் பாங்கன் கழறல் இருக்கிறதே! கழறுதல் என்றால் அன்போடு கடிதல். ‘கழறு ஆதரவு’ எப்படி?

– கா.

---

அம்மா, குற்றியலுகரம் உயிர் வந்தால் ஓடிவிடுமே. சேர்த்து எழுதினால் ‘கழறாதரவு’. கழறாத ஏதோ ஒன்று என்றாகி, பொருளே தலைகீழ்! நிற்க, ‘இடி’யின் வேர் ‘இடு’வாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் ஐயம். இடு, இடி, இடர், இடும்பை...

– ந.

---

வேரை அப்புறம் தோண்டுவோம் ஐயா. இடிதுணையில் எனக்கு வேறு உறுத்தல். குறளில் இடித்துரைப்பவர் மன்னனின் நாற்காலிக்குக் கண் வைத்தவரல்லர். மெய்சோன் கணக்கு வேறு: இன்று உள்ளே போய் மக்களைத் திரட்டினால், நாளை பட்டாளம் நமக்கு வழிவிடும். அதுபோக, எங்கே இடித்தார்கள்? 1976 இலையுதிர் காலத்திலிருந்து இ.பி.ஆர்.பி. மெய்சோன்காரர்களைச் சுட்டது. அடுத்த ஆண்டு ஆயுதம் ஏந்திய கேபெலே காவலர்கள் வீடுவீடாக இ.பி.ஆர்.பி.யைத் தேடினார்கள், தேடியவர்களில் மெய்சோன் ஊழியர்களும் உண்டு. 1977 ஏப்ரலில் அடிஸ் அபாபா சதுக்கத்தில் டெர்க் தலைவர் மெங்கிஸ்டு, எதிரிகளின் ரத்தம் இப்படித்தான் சிந்தும் என்று செந்நிற நீர் நிரப்பிய புட்டிகளை உடைத்துக் காட்டியபோதும் மெய்சோன் ஆட்சியோடுதான் இருந்தது. ஆகஸ்டில் தலைமறைவானது, ஹைலே ஃபிதா பிடிபட்டு 1979இல் கொல்லப்பட்டார். இவர்களுக்கு வள்ளுவர் கையால் நற்சான்றிதழா?

– வ.

---

கட்சி தன் நிலைப்பாட்டுக்கு வைத்த பெயரை நாம் தமிழாக்குகிறோம். அதன்படி நடந்ததா என்று சொல்வது அத்தியாயத்தின் வேலை. ‘புரட்சி அரசு’ என்று டெர்க் தன்னைச் சொல்லிக்கொண்டால் அதையும் அப்படியே தமிழாக்கத்தானே வேண்டும்?

– ந.

---

ஐயா சொல்வது நியாயம். ஆனால் இ.பி.ஆர்.பி. பக்கத்து வாதத்தையும் இதே அத்தியாயத்தில் இதே சொல்லை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது வெறும் கூட்டுக்களவாணித்தனம். இரு தரப்பும் தொட்டுப் பேசக்கூடிய மொட்டைச் சொல்தான் எனக்கு வேண்டும். ‘விமர்சனத்துடன் கூடிய ஆதரவு’ என்று போட்டு அனுப்பிவிடட்டுமா?

– செ.

---

சரி.

– வ.

---

அரைமனதாகச் சரி. ‘கூடிய’ இல்லாமல் ‘விமர்சனத்துடனான’ என்றால் கொஞ்சம் குறுகும்.

– கா.

---

‘உடனான’ காதில் அறைகிறது, வேண்டாம். என் வாக்கு இடிதுணைக்கே. கலைச்சொல் அடைவிலாவது ஓர் ஓரத்தில் போடுங்கள்.

– ந.

---

அடைவு என்றதும் ஞாபகம் வருகிறது. கேபெலேயை என்ன செய்தீர்கள்? ‘வட்டக் கழகம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கட்சிக் கிளை ஆகிவிடும்.

– கா.